நிரல்மொழிச் சான்றிதழ்: எப்போது கைகொடுக்கும்?

“ஜாவா சான்றிதழ் எடுத்தால் வேலை கிடைக்குமா?” எஸ்.பி.எம். முடித்த மாணவர்களும் அவர்களின் பெற்றோரும் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இது. மென்பொருள் துறையில் வேலை விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் பொறுப்பும் எனக்கு உண்டு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன், இதற்கு ஒரே சொல்லில் பதில் இல்லை.

முதலில் செலவைப் பார்ப்போம். ஆரக்கள் நிறுவனத்தின் ஜாவா தேர்வுக் கட்டணம் 245 அமெரிக்க டாலர். நம் பணத்தில் ஏறக்குறைய ஆயிரம் ரிங்கிட். பைத்தான் இன்ஸ்டிடியூட்டின் தொடக்கநிலைத் தேர்வுக்கு 59 டாலர். தனியார் மையத்தில் சேர்ந்தால் பயிற்சிக் கட்டணம் தனி. குறைந்த வருமானக் குடும்பத்துக்கு இது சின்னத் தொகையல்ல.

இவ்வளவு செலவழித்து எழுதும் தேர்வு எதைச் சோதிக்கிறது? ஜாவா 17 தேர்வில் 90 நிமிடங்களில் 50 கேள்விகள். 68 விழுக்காடு பெற்றால் தேர்ச்சி. ஒரு நிரல் துண்டைக் கொடுத்து, “இதை இயக்கினால் என்ன வரும்? எந்த வரியில் பிழை?” என்பதுபோல் கேட்பார்கள். கொடுத்திருக்கும் விடைகளில் சரியானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சொந்தமாக ஒரு நிரலும் எழுத வேண்டியதில்லை. ஆகவே, அந்தச் சான்றிதழ் ஒருவருக்கு மொழியின் இலக்கணம் தெரியும் என்று சொல்கிறது. அவர் ஒரு மென்பொருளை உருவாக்கி முடிப்பார் என்று சொல்வதில்லை. தமிழ் இலக்கணத்தில் முழு மதிப்பெண் வாங்கியவர் எல்லாரும் நல்ல சிறுகதை எழுதிவிடுகிறார்களா, என்ன?

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் சி ஷார்ப் மொழிக்கென நடத்திவந்த தேர்வை 2021 ஜனவரியோடு நிறுத்தியது. மொழியைவிட, செய்யும் வேலையை மையமாகக் கொண்ட சான்றிதழ்களுக்கு அது மாறியது. 2023இல் ஃப்ரீகோட்கேம்ப் அமைப்போடு சேர்ந்து சி ஷார்ப் அடிப்படைச் சான்றிதழை இலவசமாகவே வழங்கத் தொடங்கியது. ஒரு மொழியை மட்டும் அறிந்திருப்பதன் சந்தை மதிப்பு இறங்குகிறது என்பதற்கு இது ஓர் அடையாளம் என்றே நான் கருதுகிறேன்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிவிட்டது. சில வினாடிகளில் கருவியே நிரல் எழுதித் தரும்போது சான்றிதழ் எதற்கு என்கிறார்கள் சிலர். இங்கேதான் நான் மாறுபடுகிறேன். கருவி தரும் நிரல் பார்வைக்குச் சரியாகவே இருக்கும். பிழை உள்ளே ஒளிந்திருக்கலாம். அதை வரிவரியாகப் படித்துக் கண்டுபிடிக்க ஆள் வேண்டும். ஜாவா தேர்வுக்கான தயாரிப்பு பழக்குவதும் அதைத்தான். பலன் தருவது அந்த உழைப்பு. சான்றிதழ் அதற்கான ரசீது மட்டுமே. இணையத்தில் விற்கும் வினா-விடைத் தொகுப்பை மனப்பாடம் செய்து தேறியவர்கள், நேர்முகத் தேர்வின் இரண்டாவது கேள்வியிலேயே திணறியதை நான் பார்த்திருக்கிறேன்.

சிலருக்குச் சான்றிதழ் உண்மையிலேயே கைகொடுக்கும். வேறு துறையில் படித்துவிட்டுக் கணினித் துறைக்கு வர நினைப்பவருக்குக் காட்ட வேறு ஆதாரம் இருக்காது. வாடிக்கையாளரிடம் பணியாளர்களின் தகுதிப் பட்டியலைக் காட்டிக் குத்தகை பெறும் நிறுவனங்களும் அதை விரும்பும்.

மற்றவர்களுக்கு என் ஆலோசனை இதுதான். முதலில் இலவசப் பாடங்களில் ஒரு மொழியை ஆழமாகக் கற்றுக்கொள்ளுங்கள். அடுத்து, உண்மையில் யாருக்காவது பயன்படும் ஒன்றைச் செய்யுங்கள். உங்கள் வட்டாரத் தமிழ்ப்பள்ளி நூலகத்தின் புத்தக இரவலைப் பதிவு செய்யும் சிறு செயலி போதும். அதை கிட்ஹப் தளத்தில் வைத்து, ஒவ்வொரு வரியையும் ஏன் அப்படி எழுதினீர்கள் என்று விளக்கத் தயாராக இருங்கள். பிறகு, நீங்கள் விரும்பும் வேலைகளுக்கான 20 விளம்பரங்களைப் படியுங்கள். அவற்றில் பல சான்றிதழைக் கேட்டால் மட்டும் பணம் கட்டுங்கள்.

வேலையில் சேர்ந்த பிறகும் வாய்ப்பு உண்டு. சட்டம் குறிப்பிடும் துறைகளில் 10 அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியப் பணியாளர்களைக் கொண்ட நிறுவனங்கள், சம்பளத்தில் 1 விழுக்காட்டை எச்ஆர்டி கோர்ப்புக்குச் செலுத்துகின்றன. பணியாளர் பயிற்சிக்கான நிதி அது. முதலாளியிடம் கேட்டுப் பாருங்கள். அதுவரை பெற்றோரின் ஆயிரம் ரிங்கிட் பத்திரமாக இருக்கட்டும்.