அப்பா கேட்ட நாவல்கள்

அண்மையில் ரசித்த நாவல்களைப் பற்றி எழுதச் சொல்லி வாசகர்கள் சிலர் கேட்டிருந்தீர்கள். பட்டியல் போட உட்கார்ந்தபோதுதான் ஒன்று உறைத்தது. கடந்த சில மாதங்களில் நான்கு நாவல்களோடு வாழ்ந்திருக்கிறேன். அவற்றில் ஒன்றைக்கூட வழக்கம்போல் மௌனமாகப் படிக்கவில்லை. இரண்டைக் காதால் கேட்டேன். இரண்டை வாய்விட்டு வாசித்தேன், அப்பாவுக்காக.

அப்பாவுக்கு இனிப்புநீர் பல வருடப் பழக்கம். அது மெல்ல மெல்லக் கண்ணில் இறங்கிவிட்டது. ஆள் அடையாளம் தெரிகிறது, எழுத்து தெரியவில்லை. ஞாயிறு பத்திரிகையை முதல் பக்கம் முதல் வரி விளம்பரம் வரை படித்துவிட்டுத்தான் பசியாறப் போவார் என்று அம்மா குறைபட்டுக்கொண்ட மனிதர் அவர். இப்போது பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். அன்றைக்குத்தான் ஒலிநூல் தேட ஆரம்பித்தேன்.

முதலில் கிடைத்தது, எல்லாருக்கும் முதலில் கிடைப்பதுதான்: பொன்னியின் செல்வன். கல்கியின் நூல்கள் நாட்டுடைமை ஆனவை என்பதால் பலர் பலவிதமாக வாசித்து வைத்திருக்கிறார்கள். நாங்கள் கேட்டது பாம்பே கண்ணன் தயாரித்தது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு குரல், நடுவில் இசை, குதிரைக் குளம்பொலி என்று முழு நாடகமாகவே செய்திருக்கிறார்கள். அப்பாவைச் சுங்கை சிப்புட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்த அன்று காரில் போட்டுவிட்டேன். ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான். தாப்பா தாண்டும்போது ஆழ்வார்க்கடியான் சண்டைக்கு நிற்கிறான். தஞ்சோங் மாலிம் வந்தும் அப்பா கழிப்பறைக்குக்கூட நிறுத்தச் சொல்லவில்லை. வீட்டு வாசலில் காரை நிறுத்தி, பெட்டியை இறக்கி, கதவைத் திறந்து பிடித்தேன். அவர் இறங்கவில்லை.

"இரும்மா. இந்த அத்தியாயம் முடியட்டும்."

சிரித்துவிட்டேன். ஆனால் கல்கி எழுதியதே அதற்காகத்தானே? 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த தொடர்கதை அது. ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு கொக்கியில் போய் நிற்கும். அந்தக் கொக்கியில் வாசகர் ஒரு வாரம் தொங்க வேண்டும். நம் கைப்பேசிக்கோ பொறுமை கிடையாது. ஓர் அத்தியாயம் முடிந்த மூன்றாவது விநாடி அடுத்தது தானாக ஓட ஆரம்பித்துவிடுகிறது. அதனால் வீட்டில் ஒரு சட்டம் போட்டோம்: இரவுக்கு இரண்டே அத்தியாயம். மறுநாள் காலை பசியாறும்போது, "பூங்குழலி படகை எடுப்பாளா மாட்டாளா" என்று அப்பா என் கணவரிடம் வாதாடுவார். அந்த வாதத்தைத் தானியங்கி ஓட்டம் தராது. உங்கள் வீட்டில் முயன்று பாருங்கள்.

இரண்டாவது நாவல் எனக்கே எனக்கு. பினாங்கில் பிறந்த தான் துவான் எங் ஆங்கிலத்தில் எழுதிய 'தி கார்டன் ஆஃப் ஈவ்னிங் மிஸ்ட்ஸ்'. 2012ஆம் ஆண்டு புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில், வேலைக்குப் போக வர, இரண்டு வாரம் கேட்டேன். யுன் லிங் என்ற நீதிபதி, பணி ஓய்வு பெற்றுக் கேமரன் மலைக்குத் திரும்புகிறார். ஜப்பானியர் முகாமில் தன் அக்காளை இழந்தவர் அவர். அக்காளின் நினைவாக ஒரு ஜப்பானியத் தோட்டம் அமைக்க விரும்பி, ஒரு ஜப்பானியத் தோட்டக் கலைஞரிடமே போய்க் கற்றுக்கொண்டவர். யாரை வெறுக்கிறோமோ அவரிடமே கைகட்டி நிற்க வேண்டிய நிலை. மன்னித்துவிட்டார், எல்லாம் சரியாகிவிட்டது என்று கதாசிரியர் எங்கும் எளிதாக முடிச்சுப் போடவில்லை. அது எனக்குப் பிடித்தது.

அதைவிட என்னைக் கலக்கியது வேறு. அந்த நீதிபதிக்கு ஒரு நோய். சொற்கள் ஒவ்வொன்றாக அவரைவிட்டுப் போகப் போகின்றன. படிக்கவும் எழுதவும் முடியாமல் ஆகிவிடும். அதற்குள் நடந்ததையெல்லாம் எழுதி வைத்துவிட அவர் அவசரப்படுகிறார். பேசிப் பிழைக்கிறவளுக்கு இதைவிடப் பயங்கரமான பேய்க்கதை கிடையாது. சிவப்பு விளக்கில் கார் நின்றிருந்தபோது அப்பாவின் மடியில் இருந்த பத்திரிகைதான் நினைவுக்கு வந்தது.

அன்றிரவு அப்பாவிடம், "இன்னும் எந்தக் கதை கேட்கணும்?" என்றேன். யோசிக்காமல் சொன்னார்: "புயலிலே ஒரு தோணி."

ப. சிங்காரத்தைப் பலருக்கும் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காக: சிங்கம்புணரிக்காரர். 1938இல் சுமத்ராவிலுள்ள மேடானுக்கு வேலைக்குப் போனவர். போர் முடிந்து 1946இல் ஊர் திரும்பி, மதுரையில் தினத்தந்தியில் பணியாற்றினார். எழுதியது இரண்டே நாவல்கள். இது 1972இல் வெளிவந்தது. மேடான், பினாங்கு, ஜப்பானியர் ஆட்சி, இந்திய தேசிய ராணுவம் என்று நம் கரைகளைச் சுற்றியே ஓடும் கதை. பினாங்கில் உட்கார்ந்து பாண்டியன் மதுரைத் தெருக்களை நினைத்துக்கொள்ளும் பக்கங்களில் மல்லிகை வாசமே வரும்.

இதை நானே வாசிக்கிறேன் என்று ஜம்பமாகச் சொன்னேன். ஒலிவாங்கி முன்னால் பத்து வருடம் நின்ற குரல் அல்லவா! முதல் பக்கம் முடியவில்லை, அப்பா கையை உயர்த்தினார்.

"என்னம்மா, செய்தி வாசிக்கிற மாதிரி வாசிக்கிற? மெதுவா வாசி. நான் எங்கயும் போகப் போறதில்ல."

வானொலியில் மூன்று விநாடி அமைதி வந்தால் எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். நிலையம் நின்றுவிட்டதோ என்று கேட்பவர் அலைவரிசையை மாற்றிவிடுவார். அதனால் இடைவெளியே விடாமல் பேசப் பழகியிருக்கிறோம். நாவலுக்கு அது ஆகாது என்பதை அன்றுதான் கற்றேன். ஒரு வாக்கியம் முடிந்து, கேட்பவர் மனத்தில் அந்தத் தெரு எழும்பி நிற்க நேரம் கொடுக்க வேண்டும். அதேபோல் எல்லா நாவலுக்கும் நாடகக் குரல்கள் வேண்டியதில்லை என்பதும் புரிந்தது. கல்கிக்குப் பத்துப் பேர் வந்தால் கொண்டாட்டம். சிங்காரத்துக்கு ஒரே குரல் போதும். அவர் வாக்கியங்களுக்குள்ளேயே தாளம் இருக்கிறது. புயல் அத்தியாயத்தில் சொற்கள் அலை மாதிரியே அடுக்கடுக்காக வரும். மூச்சு வாங்கியது எனக்கு.

தொங்கான் என்ற சொல் வந்தபோது வழக்கம்போல் வேகமாகத் தாண்டிப் போனேன். மறுபடியும் கை உயர்ந்தது. "படகுன்னு நெனச்சு வாசிக்காத. அது மூட்டை மூட்டையா ஏத்துற கப்பல் மாதிரி. சின்ன வயசுல பினாங்குல பார்த்திருக்கேன்." எவ்வளவு பெரியது, எப்படி ஆடும், பலகையில் எப்படி நடந்து மூட்டை இறக்குவார்கள் என்று கால் மணி நேரம் சொன்னார். நாவலைக் கல்லூரிக் காலத்திலேயே படித்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். அதன் தலைப்பில் இருக்கும் தோணியையே நான் பார்த்ததில்லை.

அந்த நாவல் முடிந்த மறுநாள், அப்பாவாகவே கேட்டார். "சயாம் ரயில் பத்தி நம்ம ஆளுங்க எழுதின நாவல் இருக்குமே?"

இருக்கிறது. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' என்று நம் எழுத்தாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒலிவடிவில் தேடினேன். நான் தேடிய இடங்களில் கிடைக்கவில்லை. அப்பாவின் அலமாரியிலிருந்து பழுத்துப் போன பிரதி ஒன்று வந்தது. சண்முகத்தின் நாவல்.

பாடநூலில் எல்லாரும் படித்ததுதான். தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை. 1943 அக்டோபரில் முடிந்தது. இறந்த போர்க்கைதிகள் 12,000க்கும் மேல். அவர்களுக்குப் பெயர்ப் பட்டியலும் கல்லறைகளும் உண்டு. ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் ஏறக்குறைய 90,000 என்று மதிப்பிடுகிறார்கள். மதிப்பீடுதான். அவர்களில் நம் தோட்டத்து மக்கள் எத்தனை பேர் என்பதற்குச் சரியான கணக்கே கிடையாது. தோட்டத்து மக்களை ரயிலேற்றிக் கொண்டுபோகும் பக்கங்களை வாசித்துக்கொண்டிருந்தேன்.

"நிறுத்தும்மா," என்றார்.

மின்விசிறிச் சத்தம் மட்டும். இந்த முறை மூன்று விநாடி அல்ல, நீண்ட நேரம். எனக்குப் பயமாக இல்லை.

பிறகு சொன்னார். பாட்டியின் தம்பி ஒருவர் சயாமுக்குப் போய்த் திரும்பவில்லை. அப்பா பிறப்பதற்கு முன்னால் நடந்தது. பாட்டி அவரைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லையாம். கடைசிவரை, 'சயாமுக்குப் போன தம்பி'தான். "எனக்குத் தாய்மாமன். அவரு பேரு எனக்கே தெரியாது. கேட்டிருக்கலாம். கேக்கல."

முப்பத்தைந்து வயதாகிறது எனக்கு. மற்றவர்களைப் பேட்டி எடுப்பது என் தொழில். இப்படி ஒரு மனிதர் எங்கள் குடும்பத்தில் இருந்தார் என்பதே அன்றைக்குத்தான் தெரியும். நானும் கேட்கவில்லை.

என் வாசிப்பு எப்படி இருக்கிறது என்று திரும்பக் கேட்டுத் திருத்திக்கொள்ள, தினமும் கைப்பேசியில் பதிவு செய்து வந்தேன். அன்றும் அது மேசைமேல் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது அந்தப் பதிவுகளில் பாதி நாவல், பாதி அப்பா. முதலில் அவர் பேசிய பகுதிகளை வெட்டிவிட்டுச் சுத்தமாக வைத்துக்கொள்ள நினைத்தேன். தொழில் புத்தி! நல்லவேளை, வெட்டவில்லை.

சில நடைமுறைக் குறிப்புகள். வீட்டுப் பெரியவர்களுக்காக ஒலிநூல் போடுகிறீர்கள் என்றால் காதுக்குள் செருகும் கருவி வேண்டாம். சிறிய ஒலிபெருக்கி போதும், கூட உட்கார்ந்து கேட்கலாம். வேகத்தைக் கூட்டாதீர்கள். தூங்கிப் போனால் தானே நின்றுவிடும் நேரக் கணிப்பை அமைத்து வையுங்கள். நீங்களே வாசிப்பதாக இருந்தால் இரவுக்குப் பத்துப் பக்கம் தாராளம். வீட்டில் வாசிப்பது வேறு, அதை வலையொளியில் ஏற்றுவது வேறு. எழுத்தாளர் அல்லது குடும்பத்தார் அனுமதி இல்லாமல் ஏற்றாதீர்கள்.

இதைப் படிக்கும் பதிப்பாளர்களுக்கும் ஒரு வார்த்தை. கண் மங்கி வரும் ஒரு தலைமுறை வாசகர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். சோழநாட்டுக் கதை அவர்கள் காதுக்கு வந்துவிட்டது. அவர்கள் பிறந்த தோட்டத்தின் கதையும் வர வேண்டும். குரல் கொடுக்க வானொலிக்காரர்கள் பலர் தயாராக இருப்பார்கள். நான் தயார்.

நாவல் இன்னும் முடியவில்லை. அறுபது பக்கம் மிச்சம் இருக்கிறது. மெதுவாகத்தான் போகிறோம். பாட்டி வழியில் இன்னும் இருக்கும் ஒரே ஆள், கூலிமில் உள்ள தொண்ணூறு வயது சின்னப்பாட்டி. அவருக்கு அந்தப் பெயர் நினைவிருக்கலாம். அடுத்த ஞாயிறு அப்பாவும் நானும் போகிறோம். இரண்டு மணிக்கு மேல் பேசினால் களைத்துப் போவார் என்று சொல்லியிருக்கிறார்கள், காலையிலேயே கிளம்புகிறோம்.

அடுத்த வாரம் சந்திப்போம்.