இல்லாத பத்து இலட்சம்!

"இவ்வீடு விற்பனைக்கு" - வாயிற்கதவிலே தொங்குகிறது பலகை. தொங்கவிட்டு ஓராண்டாகிறது. வெயிலும் மழையும் எழுத்தை வெளுக்க வைத்துவிட்டன. விலை கேட்க வருவோர் உண்டு; வாங்க வருவோர்தான் இல்லை!

உள்ளே இருப்பவர் மாளிகைவாசி அல்லர். ஓய்வு பெற்ற தொழிலாளி. கடனும் மனைவியின் கழுத்துச் சங்கிலியும் சேர்ந்து எழுப்பிய வீடு அது. இன்று மகளின் திருமணம் காத்திருக்கிறது. மருத்துவச் செலவு காத்திருக்கிறது. வட்டியோ காத்திருக்க மறுக்கிறது!

வருகிறவர் சுற்றிப் பார்க்கிறார். "தெருக்குத்து" என்கிறார் - ஐம்பதாயிரம் குறைகிறது. "ஈசானிய மூலையிலே படிக்கட்டா?" என்கிறார் - ஓர் இலட்சம் குறைகிறது. மனை விலை ஏறிக்கொண்டிருந்த நாளிலே அந்த மூலை எவர் கண்ணிலும் படவில்லை! மந்தம் வந்ததும் எட்டுத் திசையும் பேரம் பேசக் கிளம்பிவிட்டன! ஐம்பது இலட்சம் எதிர்பார்த்தவர், நாற்பதுக்கு இறங்குகிறார். விற்பவனுக்கு அவசரம், வாங்குபவனுக்கு அவசரமில்லை என்றால், தராசு அப்படித்தான் சாயும். அதை நாம் குறை கூறவில்லை.

நாம் கேட்பது வேறு. விற்பவர் இறங்கினார், தரகர்கூடத் தம் கூலியிலே இறங்கினார், சர்க்கார் இறங்கிற்றா?

சார்பதிவாளர் அலுவலகத்து ஏட்டிலே அந்த வீட்டின் வழிகாட்டி மதிப்பு ஐம்பது இலட்சம் என்றிருந்தால், கட்டணம் ஐம்பதுக்குத்தான்! மறுத்தால், முத்திரைத்தாள் தனித்துணை ஆட்சியரின் முடிவுக்காகப் பத்திரம் காத்துக் கிடக்கும். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து, 2023 ஏப்ரலில் வகுத்தபடி, நூற்றுக்கு 9. நாற்பது இலட்சத்துக்கு 3,60,000 ரூபாய். ஐம்பதுக்கு 4,50,000 ரூபாய். இந்த 90,000 யார் தலையில்? வாங்குபவர் செலுத்துவது வழக்கம். ஆனால் மந்தமான காலத்திலே அவர் அதை விலையிலே கழித்துக்கொண்டுதான் முன்பணத்தை எடுப்பார். செலுத்துவது ஒருவர் கை. சுமப்பது இன்னொருவர் முதுகு!

இதோடு முடிந்ததா? டில்லியும் வருகிறது. விலைக்கு மேல் நூற்றுக்குப் பத்து வரை மதிப்பு கூடியிருந்தால் 2020 முதல் வருமான வரிச் சட்டம் பொறுத்துக்கொள்கிறது. அதைத் தாண்டினால், வாராத பத்து இலட்சத்தையும் வந்ததாகக் கொண்டு, விற்றவரின் ஆதாயத்தைக் கணக்கிடுகிறது. அதே பத்து இலட்சத்தை வாங்கியவரின் வருமானத்திலும் சேர்க்கிறது! இருவர் கையிலும் இல்லாத பணம், இருவர் கணக்கிலும் ஏறுகிறது! மதிப்பீட்டு அலுவலரின் ஆய்வைக் கோரலாம் என்று சட்டம் வழி விட்டிருக்கிறது. உண்மை. அந்த வழி அறிந்த தொழிலாளி எத்தனை பேர்?

சர்க்கார் இறங்கியதே இல்லையா என்பீர்கள். இறங்கியது - எப்படி? 2016 செப்டம்பரில் அங்கீகாரம் பெறாத மனைகளைப் பதிவு செய்ய உயர்நீதிமன்றம் தடை விதித்தது. நவம்பரில் பெரிய நோட்டுகள் செல்லாதவையாயின. சந்தை முடங்கிற்று. 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை 33 விழுக்காடு குறைத்தனர். அதே மூச்சிலே பதிவுக் கட்டணத்தை நூற்றுக்கு 1 என்பதிலிருந்து 4 ஆக்கினர்! ஏட்டிலே ஐம்பது இலட்சமாக இருந்த வீட்டுக்கு, முன்பு 4,00,000, பின்பு 3,68,500. மூன்றில் ஒரு பங்கு குறைப்பு என்ற முழக்கத்திலே, மிஞ்சியது 31,500 ரூபாய்! 2023 ஏப்ரலில் பழைய மதிப்பு திரும்பிற்று, கட்டணம் 2 ஆயிற்று. தொகை 4,50,000 ஆயிற்று. ஆட்சி மாறிற்று, ஏட்டின் போக்கு மாறவில்லை.

கறுப்புப் பணத்தைப் பிடிக்க விரித்த வலை இது என்பர். அறிவோம், வலை வேண்டாம் என்று நாம் கூறவில்லை. சுறாவுக்கு விரித்த வலையிலே நெத்திலி ஏன் துடிக்கவேண்டும் என்றுதான் கேட்கிறோம். முழுத் தொகையும் வங்கி வழியே கைமாறிய விற்பனையை, குறித்த நாளுக்குள் நேரில் பார்த்து, உண்மை விலையை ஏற்கட்டும். ஏறும்போது ஏற்றுகிற கை, இறங்கும்போது இறக்கவும் பழகட்டும்!

விற்கப்போகும் நண்பருக்கும் ஒரு சொல்: தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றையும் இன்றே சரிபார்த்து வையுங்கள், காகிதம் சரியில்லாவிட்டால் விலை இன்னும் சரியும். அலுப்பிலே எவருக்கும் பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். கெடு குறிக்காத ஒப்பந்தத்திலே கையெழுத்திடாதீர்கள்.

வாழ்ந்த வீட்டை விற்பதே ஒரு துயரம். வராத பணத்துக்கு வரி கேட்பது அதற்கு மேலொரு கொடுமை. துயரத்தை நாம் துடைக்க இயலாது. கொடுமையைத் துடைக்கச் சர்க்காரால் இயலும். துடைக்குமா?