கொடுப்பது கடமையெனில் கொடுக்கும் முறையும் கடமையே

2020 மே 21ஆம் திகதி, ரமழான் நோன்பின் இறுதி நாட்களில், கொழும்பு மாளிகாவத்தையில் மூன்று பெண்கள் நெரிசலில் சிக்கி உயிரிழந்தனர். வர்த்தகர் ஒருவரின் சார்பில் வறியோருக்குப் பணம் வழங்கப்பட்ட வேளையிலேயே இவ்விபரீதம் நேர்ந்தது. தலைநகரில் கொவிட் ஊரடங்கு நடைமுறையில் இருந்த நாட்கள் அவை. அன்றாடக் கூலியை நம்பி வாழ்ந்த குடும்பங்களின் வருமானம் இரண்டு மாதங்களாக நின்றுபோயிருந்தது. பணம் கொடுக்கிறார்கள் என்ற செய்தியே பெருந்திரளானோரை அங்கு கூட்டிவிடப் போதுமானதாயிற்று. பொலிஸார் சிலரைக் கைது செய்தனர். மூன்றாம் நாள் பெருநாள் வந்தது. நாமும் மறந்துபோனோம்.

இதனை ஒரு சமூகத்தின் குறையாகக் கொள்வதற்கில்லை. தமிழ்நாட்டின் வாணியம்பாடியில், 2023 பெப்ரவரி 4ஆம் திகதி, தைப்பூசத்தை முன்னிட்டுத் தனியார் ஒருவர் இலவச வேட்டி சேலைக்கான டோக்கன் வழங்கிய இடத்தில் நான்கு பெண்கள் மிதிபட்டு மாண்டனர். அதே ஆண்டு ஏப்ரலில், யெமன் தலைநகர் சனாவில் வர்த்தகர்களின் ரமழான் உதவித்தொகையைப் பெறவெனப் பாடசாலையொன்றில் திரண்டவர்களுள் எழுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். நாடும் மதமும் வேறாயினும் நிகழ்ந்த விதம் ஒன்றே. கொடுப்பவர் தமது வாசலில் நிற்கிறார். பெறுபவர்கள் அவரைத் தேடி வந்து முண்டியடிக்கிறார்கள்.

இங்கு கவனிக்க வேண்டியதொன்று உண்டு. வரிசை என்பது தேவையை அளக்கும் கருவியன்று. அது உடல் வலுவை அளப்பது. திடகாத்திரமானவர் முன்னே செல்வார். முதியவளும் கைக்குழந்தையுடன் வந்தவளும் பின்தள்ளப்படுவர். வேலையிழந்த குடும்பத் தலைவனோ, கடன்பட்டுக் கடையை மூடிய சிறு வியாபாரியோ அவ்வரிசைக்கு வரவே மாட்டார்கள். மானம் அவர்களைத் தடுத்துவிடும். ஆகவே உயிரிழப்பு எதுவும் நேராத ஆண்டுகளிலும் இம்முறை தவறியே வந்திருக்கிறது என்பதே எமது கருத்தாகும்.

இஸ்லாம் ஸகாத்தை வறியவருக்குக் காட்டும் தயவாகக் கருதவில்லை. செல்வந்தரின் உடைமையில் வறியவருக்குள்ள உரிமையாகவே அதனை வகுத்திருக்கிறது. 85 கிராம் தங்கத்தின் பெறுமதிக்குக் குறையாத செல்வம் ஒரு சந்திர ஆண்டு கைவசம் இருப்பின் அதில் நூற்றுக்கு இரண்டரை வீதம் கொடுத்தாக வேண்டும். அதனைப் பெறத் தகுதியுடையோராகத் திருக்குர்ஆன் குறிப்பிடும் எட்டு வகையினருள், ஸகாத்தைத் திரட்டிப் பங்கிடும் பணியில் ஈடுபடுவோரும் அடங்குவர். தனியொருவர் தம் வாசலில் நின்று கொடுத்துத் தீர்க்கும் காரியமாக இது எண்ணப்பட்டிருப்பின் அத்தகையதொரு வகைக்கு இடமேது? மலேசியாவில் மாநில இஸ்லாமிய சபைகள் இப்பொறுப்பை ஏற்றுள்ளன. எமது நாட்டில் சட்டக் கட்டாயம் ஏதுமில்லை; பள்ளிவாசல்களைச் சார்ந்த ஸகாத் நிதியங்கள் பல ஊர்களில் தாமாகவே இயங்கி வருகின்றன.

திருவள்ளுவரும் ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு நின்றுவிடவில்லை. பொருட்பாலில் நல்குரவு, இரவு, இரவச்சம் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்து, கையேந்துபவனின் பக்கத்திலிருந்தும் அதே விடயத்தை நோக்குகிறார். தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் அன்னதானத்துக்கு அமர்பவரிடம் சாதியோ ஊரோ வினவும் வழக்கமில்லை. கொடுத்தவர் யாரென்பதும் உண்பவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

அவ்வாறாயின் வசதி படைத்தோர் பொது நிதியத்தை ஏன் நாடுவதில்லை? கணக்கில் நம்பிக்கையில்லை என்பதே பலரும் கூறும் பதில். அதனை வெறும் சாக்கென ஒதுக்கிவிட முடியாது. வருடாந்தக் கணக்கை ஊரறிய வெளியிடாத நிர்வாகங்கள் எல்லாச் சமூகங்களிலும் உள்ளன. ஆனால் மற்றொரு காரணமும் இருக்கிறது. அதனை எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. தமது கையால் கொடுப்பதை ஊர் காண வேண்டுமென்ற ஆசையே அது. உலர் உணவுப் பொதியைப் பெறும் தாயொருத்தியைப் பதாகையின் கீழ் நிறுத்திப் புகைப்படம் எடுத்து முகநூலில் இடுபவர்கள், அவளது பிள்ளை நாளை பாடசாலையில் எதிர்கொள்ளப்போகும் பார்வையைச் சற்றேனும் எண்ணியதுண்டா?

அரசின் பொறுப்பைப் பள்ளிவாசலும் கோயிலும் சுமக்க முடியாது என்பதையும் இங்கு கூறியாக வேண்டும். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. அதன் பின் வந்த அஸ்வெசும பட்டியலில் தம் பெயர் இல்லையென 2023இல் பிரதேச செயலகங்களின் முன் திரண்டோர் பலர். ஆக, அரசு கொடுத்தாலும் தனியார் கொடுத்தாலும் இறுதியில் எழும் வினா ஒன்றுதான்: பட்டியலை வைத்திருப்பவர் யார்?

கிழக்கு மாகாணத்தில் இவ்வினாவுக்கு இன்னொரு பரிமாணமும் உண்டு. 2004 டிசம்பர் 26 கடற்கோளின் பின், முதல் நாட்களில் அயலூர்கள் சோறு சமைத்து அனுப்பியபோது எவரும் பட்டியல் கேட்கவில்லை. பள்ளிவாசலும் கோயிலும் பாடசாலையும் ஒன்றாகவே அடைக்கலம் கொடுத்தன. மாதங்கள் கழிந்து நிதியைப் பங்கிடும் கட்டம் வந்ததும் நிலைமை மாறியது. 2005 ஜூன் 24இல் அரசும் விடுதலைப் புலிகளும் கைச்சாத்திட்ட சுனாமிப் பொதுக் கட்டமைப்பில் முஸ்லிம்கள் கைச்சாத்திடும் தரப்பாகச் சேர்க்கப்படவில்லை. அடுத்த மாதமே உயர்நீதிமன்றம் அதன் முக்கிய பகுதிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. பாதிக்கப்பட்டவர்களில் கணிசமானோரைப் பட்டியலிடும் மேசைக்கு அழைக்காமலே உதவியைப் பங்கிட முனைந்த முயற்சி அது. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோதும் சமைத்த சோறு இன எல்லைகளைக் கடந்து சென்றது. அதன் பின்னர் எழும் பங்கீட்டு வேலைதான் எப்போதும் சிரமமானது.

காத்தான்குடியும் ஆரையம்பதியும் அடுத்தடுத்த ஊர்கள். ஸகாத் முஸ்லிம்களுக்கே உரியதெனப் பெரும்பாலான மார்க்க அறிஞர்கள் கருதினும், ஸதகாவுக்கு அந்த வரையறை கிடையாது, அன்னதானத்துக்கும் கிடையாது. பள்ளிவாசல் நிர்வாகமும் கோயில் பரிபாலன சபையும் தத்தம் ஊரின் விதவைகள், நோயாளிகள், வரிசைக்கு வர நாணுவோர் ஆகியோரின் விபரங்களை ஒருவருக்கொருவர் அறியத் தரலாம். நோன்புக்கு முந்திய ஷஃபான் மாதத்திலேயே இதனைத் தொடங்கினால், பெருநாளைக்கு முன் பொதிகளை இரவோடிரவாக வீடுகளில் சேர்ப்பிக்கக் கால அவகாசம் இருக்கும். முதற் கூட்டத்துக்குத் தேவைப்படுவது ஒரு கொப்பியும், இரு ஊர்களின் ஒழுங்கைகளையும் அறிந்த நாலைந்து பேருமே.