சிம்பிளாச் செய்வம் எண்டு சொல்ல ஆருக்கு உரிமை?

ஆவணி பிறந்தால் எங்கட ஊரில் இரண்டு விஷயம் தவறாமல் நடக்கும். ஒன்று, கலியாண மண்டபங்கள் நிரம்பும். மற்றது, "ஏன் இந்த வீண் ஆடம்பரம், கலியாணத்தை எளிமையாச் செய்தால் என்ன?" என்று முகநூலில் ஆரோ ஒருத்தர் பதிவு போடுவார். கீழே வரிசையா "உண்மை அண்ணா", "சரியாச் சொன்னியள்". அப்படி எழுதின ஆக்களிலேயே கொஞ்சப்பேர் அடுத்த கிழமை ட்ரோன் பறக்கிற கலியாணத்தில் சிரிச்சுக்கொண்டு நிற்பினம்.

அவையைக் குத்திக்காட்ட நான் இதை எழுதவில்லை. எளிமையான கலியாணம் நல்லது என்பதை இனி ஒருத்தரும் எங்களுக்குப் படிப்பிக்கத் தேவையில்லை. தெரிந்தும் ஏன் நடக்குதில்லை என்பதுதான் கேள்வி. பகட்டு, ஊர் என்ன சொல்லும் என்ற பயம், வெளிநாட்டுக் காசு என்று வழக்கமான விடைகள் இருக்கு. பிழையில்லை, ஆனால் பாதிதான். "சிம்பிளாச் செய்வம்" என்ற அந்த ஒரு வசனத்தைச் சொல்லுற இடத்தில் எல்லாரும் இல்லை என்பது மற்றப் பாதி. அதைப் பற்றி ஆரும் பதிவு போட்டு நான் காணேல்லை.

எங்கட பெரியம்மாவின்ர மகளுக்குப் போன வருசம் கலியாணப் பேச்சு நடந்தது. அக்காவுக்கு 29 வயது, வேலை செய்யிறா. பெரியப்பா ஓய்வுபெற்ற வாத்தியார், கடன் எண்டால் நித்திரை வராத மனிசன். குறிப்புப் பொருந்தி, இரண்டு பகுதியும் கதைக்கத் தொடங்கின இடத்தில் அவர் மனதில் இருந்ததைச் சொல்லிப்போட்டார்: "பதிவை முடிச்சு, கோயிலில தாலியைக் கட்டி, நெருங்கின ஒரு நூறு பேருக்கு நல்ல சாப்பாடு குடுப்பம்."

அடுத்த நாள் காலமை புரோக்கர் போன் எடுத்தார். "ஐயா, உப்பிடிச் சொல்லாதேங்கோ. அவை யோசிக்கினம்."

என்னத்தை யோசிக்கினம்? பெரியம்மாவுக்கு உடனே விளங்கியிட்டுது. ஏன் மண்டபம் வேண்டாம் எண்டுகினம்? காசில்லையோ? பிள்ளையில ஏதும் குறையோ? முந்தி ஏதும் தொடர்பு இருந்து அவசரப்பட்டுக் கட்டிக் குடுக்கினமோ? இதைவிடக் கேவலமான சந்தேகமும் இருக்கு. வயிற்றைப் பார்ப்பினம். பெரியப்பா அந்தக் கதையை அதோட விட்டிட்டார். இரண்டு கிழமையில் 450 பேருக்கு மண்டபம் தேடத் தொடங்கினார்.

அதே மாதங்களில் எங்கட ஒழுங்கையில் இன்னொரு கலியாணமும் பேசிச்சினம். அங்க மாப்பிள்ளைதான் "எனக்கு ஆடம்பரம் சரிவராது, கோயிலோட முடிப்பம்" என்றவர். ஊர் முழுக்க அவருக்குப் புகழ். "என்ன தங்கமான பெடியன்." பெண்ணின் தகப்பன் கோயில் வீதியில் நின்று பெருமையாக அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தவர்.

இரண்டு பேரும் சொன்னது ஒரே வசனம்தான். பொம்பிளைப் பகுதி சொன்னால் அது குறை, மாப்பிள்ளைப் பகுதி சொன்னால் குணம். பதிவு போடுகிற அண்ணாமார் இதை ஒருக்கால் யோசிக்க வேணும். "பெற்றோரே, கடன்பட்டுக் கலியாணம் செய்யாதீர்கள்" என்று பெண்ணைப் பெற்றவையைப் பார்த்து எழுதுவது சுகம். ஆனால் செலவைக் குறைக்கக் கேட்கிற உரிமை அவையின்ர கையில் இல்லை.

அதோட "சிம்பிள்" என்ற சொல்லே எங்கட பக்கத்தில் ஒரு மாதிரியான சொல். மாப்பிள்ளை வீட்டார் "எங்களுக்கு ஒண்டும் வேண்டாம்" என்று தொடங்கினால் கவனமாக் கேட்க வேணும். ஒன்றும் வேண்டாம், ஆனால் எங்கட பக்கம் ஒரு 250 பேர் வருவினம். ஒன்றும் வேண்டாம், ஆனால் பிள்ளைக்கு வீடு எழுதிறதுதானே முறை. டொனேஷன் நாங்கள் கேட்கேல்லை, பெரியவன்ர கலியாணத்தில் வந்ததை மட்டும் சொன்னனாங்கள். இப்பிடிப் போகும். மண்டபத்தைக் குறைத்து, சீதனத்தைக் குறைக்காமல் நடக்கிற ஒரு கலியாணத்தை நான் எளிமையானது என்று ஒத்துக்கொள்ள மாட்டன். அது செலவில்லாமல் வரவை மட்டும் எடுக்கிற கலியாணம்.

சீதனத்தைப் பற்றிக் கதைக்கேக்க "அது பெண்ணுக்குக் குடுக்கிற சொத்துத்தானே" என்று ஒரு நியாயம் வரும். பழைய சட்டத்தில் அப்படித்தான் இருக்கு. 1707 இல் ஒல்லாந்தருக்காக கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமையில், சீதனம் வாங்கின மகள் பிறகு பெற்றோரின் சொத்தில் பங்கு கேட்க முடியாது. சீதனம்தான் அவளின் பங்கு. அந்தளவில் அது அவளுக்கு உரியது. ஆனால் டொனேஷன் என்று இண்டைக்குக் கைமாறுகிற காசு அவளின் கைக்கே வருவதில்லை. அது நேராக மாப்பிள்ளையின் பெற்றோருக்கு. பெரும்பாலும் அவையின்ர மகளின் சீதனமாக அடுத்த வீட்டுக்குப் போகும். வீடும் அப்படித்தான். அவளின் பேரில் எழுதினாலும், யாழ்ப்பாணத் திருமண உரிமைகள் பற்றிய 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன்ர காணியை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேணும். பெண்ணுக்குக் குடுத்தம் என்று சொல்லுறவை இதையும் சேர்த்துச் சொன்னால் நல்லம்.

சரி, கணக்குக்கு வருவம். ஒரு சாப்பாடு 1500 ரூபாய் என்று குறைத்து வைத்தாலும் 450 பேருக்கு 6 லட்சத்து 75 ஆயிரம். மண்டபம், மணவறை, மேளம், வீடியோ, பெண்ணுக்கு மேக்கப், இவை எல்லாம் அதுக்கு வெளியில. ஆனால் இவ்வளவையும் தங்கம் விழுங்கிப்போடும். 2022 தொடக்கத்தில் ஒரு பவுண் ஒன்றரை லட்சத்துக்கு உள்ளுக்குத்தான் நின்றது. 2025 இல் 3 லட்சத்தைத் தாண்டியிட்டுது. 9 பவுணில் தாலிக்கொடி என்றால் 27 லட்சம். கொடியும் கூறையும் மாப்பிள்ளை பகுதியின்ர பொறுப்பு என்பது முறை. டொனேஷன் காசிலேயே கொடி வாங்குகிற வீடுகளும் இருக்கு. அதாவது, தன்ர கழுத்தில் ஏறுகிற தாலிக்குப் பெண்ணே காசு கட்டுறா. ஒருத்தருக்கும் இது பகிடியாகப் படுவதில்லை.

2022 நெருக்கடியைப் பற்றிச் சொல்ல வேணும். அந்த வருசம் புரட்டாதி மாதம் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கினது. டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரைக்கும் ஏறினது. அரச சம்பளத்தில் இருந்தவையின்ர சேமிப்பு கண்ணுக்கு முன்னால் கரைந்தது. ஆனால் பிராங்கிலும் பவுண்சிலும் உழைக்கிற ஆக்களுக்கு யாழ்ப்பாணக் கலியாணம் அதே வருசம் மலிந்தது. ஐரோப்பாப் பள்ளிக்கூட விடுமுறையும் ஆவணி முகூர்த்தமும் சேர்ந்து வருகிற இரண்டு கிழமைக்குள் மண்டபக்காரர் சொல்லுறதுதான் விலை. அந்த விலையில்தான் பெரியப்பா மாதிரி ரூபாய் ஓய்வூதியக்காரரும் மண்டபம் எடுக்க வேண்டியிருக்கு. வெளிநாட்டில் இருந்து வாறவை குளிருக்குள் இரண்டு வேலை செய்து சேர்த்த காசு அது, ஊரில் நாலு பேருக்கு முன்னால் நிமிர்ந்து நிற்க ஆசைப்படுகினம் என்பது எனக்கு விளங்காமல் இல்லை. ஆனால் அந்த நாள் முடிய அவை பிளேன் ஏறிப்போவினம். அளவுகோல் இங்க நிண்டுவிடும்.

"முந்தி எல்லாம் வீட்டில எவ்வளவு எளிமையா நடந்தது" என்று பெருமூச்சு விடுகிறதும் எங்களுக்குப் பழக்கம். பெரியம்மாவின்ர கலியாணம் 1993 இல். மின்சாரம் இல்லை, பெற்றோல் இல்லை. மண்ணெண்ணெயில் ஓடின மொறிஸ் மைனரில் மாப்பிள்ளை வந்து இறங்கினவராம். பெற்றோமக்ஸ் வெளிச்சத்தில் சாப்பாடு. போட்டோ மொத்தம் ஆறு. அதுக்கு நாலு நாள் முன்னாலேயே அயல் பொம்பிளையள் எல்லாம் வந்து குந்தியிருந்து பலகாரம் சுட்டவை. பயத்தம் பணியாரம், அரியதரம், முறுக்கு. பலகாரச்சூட்டில் நடந்த பகிடிகளைப் பெரியம்மா இண்டைக்கும் சொல்லிச் சிரிப்பா. கலியாண நாளைப் பற்றிக் கேட்டால் அவவுக்கு அவ்வளவு ஞாபகம் இல்லை.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அந்த வீட்டுப் பந்தலுக்குள் ஆர் இருந்தவை, ஆர் வேலிக்கு வெளியில் நின்றவை என்று கேட்டால் சிரிப்பு நிண்டுபோகும். வெள்ளை கட்ட ஒரு சாதி, சவரம் செய்ய ஒரு சாதி, பறை அடிக்க ஒரு சாதி. அவையெல்லாம் வேலைக்கு வேணும், பந்திக்கு வேண்டாம். மண்டபம் என்ற காசுச் சாமான் வந்து ஒரு நல்ல காரியம் செய்தது: கார்ட் கையில் இருந்தால் ஆரும் ஆருக்குப் பக்கத்திலும் இருந்து சாப்பிடலாம். முழுசாக மாறியிட்டுது என்று சொல்ல வரவில்லை. கார்ட் குடுக்காமல் விடுகிற வித்தை எங்கட ஆக்களுக்கு நல்லாத் தெரியும். என்றாலும் எளிமை வேணும் என்று கேட்கிற நாங்கள் அந்தப் பழைய முற்றத்தைத் திருப்பிக் கேட்கக்கூடாது. "நெருங்கின சொந்தம் மட்டும்" என்று சுருக்குகிற கலியாணம், "எங்கட ஆக்கள் மட்டும்" என்று ஆகிவிட வெகு நேரம் எடுக்காது. நூறு பேர் என்றால் அந்த நூறில் உங்கட கம்பஸ் சிநேகிதர் இருக்கினமோ? அவை எந்த ஊர், எந்தச் சாதி, எந்தச் சமயம் என்றாலும்?

ஆக்களைக் குறைக்கிறதில் இன்னொரு சிக்கல் இருக்கு, அது பகட்டில்லை. பெரியம்மாவிட்ட ஒரு கொப்பி இருக்கு. ஆற்றை வீட்டுக் கலியாணத்துக்கு எவ்வளவு வைச்சது, தங்கட வீட்டுச் சாமத்தியவீட்டுக்கு ஆர் எவ்வளவு வைச்சவை, எல்லாம் அதில் இருக்கு. இருபது வருசக் கணக்கு. அந்தக் கொப்பியில் உள்ளவையைக் கூப்பிடாமல் விடுறது அவவுக்குச் செலவுக் குறைப்பு இல்லை, வாங்கின கடனைக் குடுக்காமல் விடுறது. "அவையின்ர சோத்தைத் திண்டிட்டு இப்ப பேசாமல் இருக்கிறதோ?" நான் இதைப் பழமை என்று தள்ளமாட்டன். செத்தவீட்டுக்கு ஓடிவருகிற ஆக்களும் அதே கொப்பிக்குள்தான் இருக்கினம். ஆனால் அந்தக் கணக்கைத் தீர்க்க ஒரே நாள், ஒரே மண்டபம்தான் வழி என்று இல்லை. புதுத் தம்பதி வீடு வீடாக விருந்துக்குப் போகிற வழக்கம் எங்களிட்ட இருக்கு. அதைத் திருப்பிப்போட்டு, ஒரு மாதத்துக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பத்துப் பத்துப் பேராக வீட்டுக்குக் கூப்பிட்டால் என்ன? 450 பேருக்கு நடுவில் நிற்கிற பெண்ணுக்கு ஆர் வந்தது என்றே தெரியாது. பத்துப் பேர் என்றால் முகம் பார்த்துக் கதைக்கலாம்.

2020, 2021 இல் கொரோனாக் கட்டுப்பாட்டால் ஆட்கணக்கு வைத்தபோது இதெல்லாம் செய்து பார்த்தவைதான் நாங்கள். ஐம்பது பேரோடு தாலி கட்டினவை. அப்ப ஒருத்தரும் ஒருத்தற்ற வயிற்றையும் பார்க்கவில்லை. ஏனென்றால் "சிம்பிளா" என்று அப்ப சொன்னது பெண்ணின் தகப்பன் இல்லை, அரசாங்கம். சொல்லுற வாய் மாறினால் அர்த்தமும் மாறும் என்பதற்கு இதைவிட வேற சாட்சி எனக்குத் தேவையில்லை.

சட்டத்துக்கு வேண்டியது பதிவாளர், இரண்டு சாட்சி, கையெழுத்து. அதுக்கு மேல் என்ன வேணும் என்பதைக் கட்டப்போகிற இரண்டு பேரும் இருந்து கதைக்கலாம். எனக்கு என்றால் மேளம் வேணும். நாதஸ்வரமும் தவிலும் இல்லாத கலியாணம் எனக்குக் கலியாணம் மாதிரி இல்லை, அந்தக் காசு போகிற இடமும் நல்ல இடம். நல்ல சாப்பாடு வேணும். இரண்டு நாள் அவுட்டோர் ஷூட்டும், ட்ரோனும், மணவறைக்கு முன்னால் நின்று சனத்துக்கு முதுகைக் காட்டுகிற ஆறு கமராக்காரரும் வேண்டாம். இன்னொருத்தி இதை மாறிச் சொல்லுவாள், சொல்லட்டும்.

ஆகவே நான் இதை எழுதிறது பெற்றோருக்கு இல்லை. என்னோட லெக்சருக்கு இருக்கிற பெடியளுக்கு. சீதனம் பிழை என்று ரியூட்டோரியலில் அழகா எழுதுறியள், விவாதமேடையில் பேசுறியள், நான் கேட்டிருக்கிறன். இன்னும் நாலைஞ்சு வருசத்தில் உங்களுக்குச் சாதகம் எடுப்பினம். அப்ப "அம்மா அப்பான்ர விருப்பம், நான் தலையிடேல்லை" என்று சொல்லிக்கொண்டு அறைக்குள் போய் போன் பார்க்காதேங்கோ. முதற் கதையிலேயே, புரோக்கர் பெண் வீட்டுக்குப் போன் எடுக்க முன்னம், மூன்று விஷயத்தை உங்கட வாயால் சொல்லிப்போடுங்கோ: டொனேஷன் இல்லை, கொடி எங்களால் ஏலுமான பவுணில், எங்கட பக்கம் ஐம்பது பேர். அந்தப் பக்கத்தில் இருக்கிற ஆரோ ஒரு பெரியப்பா இரவு நித்திரை கொள்ளுவார்.

அக்காவின்ர கலியாணம் வருகிற தையில். பெரியப்பா இரண்டு சீட்டை முன்னுக்கே எடுத்திட்டார். பெரியம்மாவின்ர காப்பு வங்கியில் அடைவு. மாப்பிள்ளை நல்லவர், அமைதியானவர் என்று எல்லாரும் சொல்லுகினம். இவ்வளவு பேச்சுக்குள்ளும் அவர் ஒரு வார்த்தை கதைக்கவில்லை.