அப்பாவின் புல்லட்டுக்கு ஒரு வழி

கோவை அருகே கலங்கலில் பிறந்த விவசாயி மகன் ஒருவர், வெள்ளைக்கார அதிகாரி ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கினார். ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து, அந்த வண்டியையே 300 ரூபாய்க்கு வாங்கினார். அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பூட்டி இயந்திரம் கற்றார். அவர்தான் ஜி.டி. நாயுடு. 2015-இல் அவர் குடும்பத்தார் கோவையில் கார் அருங்காட்சியகம் திறந்தார்கள்.

எல்லாக் குடும்பத்துக்கும் அருங்காட்சியகம் கட்ட முடியாது. ஸ்ரீமுஷ்ணம், சேத்தியாத்தோப்பு பக்கத்து வீடுகளில் தாழ்வாரம்தான் அருங்காட்சியகம். 1956 முதல் திருவொற்றியூரில் உருவான புல்லட், மைசூர் யெஸ்டி, 1985-இல் வந்த ஆர்எக்ஸ் 100 என்று தலைமுறைக்கு ஒன்று சாக்கு போர்த்தி நிற்கும்.

இந்த வண்டிகளைக் கைப்பழக்கம் இல்லாமல் ஓட்ட முடியாது. பழைய புல்லட்டில் டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்தபடி, அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்த வேண்டும். பிறகு லீவரை விட்டு ஒரே உதை. அவசரப்பட்டால் கிக்கர் திருப்பி அடிக்கும். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். யெஸ்டியில் கிக்கரும் கியரும் ஒரே லீவர். இதையெல்லாம் அப்பா பக்கத்தில் நின்று சொல்லித்தர வேண்டும். வண்டி ஓடினால்தான் அந்த வித்தையும் பிள்ளைக்கு வரும்.

சட்டம் இதைக் கண்டுகொள்ளவில்லை. 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 வயது கடந்த வண்டிதான் 'விண்டேஜ்'. புதிதாகப் பதிய 20,000 ரூபாய். பதிந்தாலும் கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு போன்றவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். வயலுக்கோ, மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் பூவராகர் ஊர்வலத்தின் பின்னால் கிள்ளைக்கோ போக முடியாது. 1996-இல் வந்த கடைசி ஆர்எக்ஸ் 100-க்கு அந்தத் தகுதியும் 2046-இல்தான் கிடைக்கும். அதுவரை சாதாரணப் பதிவுதான். 20 வயதைத் தாண்டிய பைக்குக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2025-இல் 2,000 ரூபாயாகிவிட்டது.

புகை கக்கும் வண்டியைக் கட்டுப்படுத்துவது நியாயமே. ஆனால் தினம் ஓடித் தேயும் வண்டியையும், மாதத்தில் சில நாள் மட்டும் வெளியே வரும், எண்ணெய் போட்டுத் துடைத்த வண்டியையும் ஒரே தராசில் வைப்பது சரியில்லை. 25 வயது கடந்து, அசல் நிலை மாறாமல், புகைச் சோதனையிலும் தேறும் வண்டிகளுக்குத் தனிப் பிரிவு வேண்டும். ஆண்டுக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வரம்பு வைத்து, கட்டணத்தைக் குறைக்கலாம்.

அரசு செய்யும்வரை வீட்டார் கையிலும் ஒரு வேலை இருக்கிறது. பல வண்டிகள் காயலான் கடைக்குப் போகக் காரணம் என்ஜின் அல்ல, மறைந்தவர் பெயரிலேயே கிடக்கும் ஆர்சி புத்தகம். உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்டிஓ அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31-இல் வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள்.