மலை தாங்கும் கட்டில்கள் எத்தனை?

2023 ஜனவரியில் ஜோஷிமத்தில் இரண்டு ஹோட்டல்கள் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நின்ற படம் பலருக்கும் நினைவிருக்கும். உத்தராகண்டின் அந்தச் சிறுநகரில் 800-க்கும் மேற்பட்ட கட்டிடங்களில் விரிசல் விட்டிருந்தது. சாய்ந்த இரண்டையும் இடித்துத் தள்ள வேண்டியதாயிற்று. ஊரிலிருந்து ஔலி பனிச்சறுக்குத் தளத்துக்கு ஏறும் சுமார் 4 கி.மீ. நீள ரோப் காரும் அப்போது நிறுத்தப்பட்டது.

விரிசலுக்கு யார் பொறுப்பு என்பதில் சர்ச்சை உண்டு. நீர்மின் திட்டச் சுரங்கத்தைப் பலர் கைகாட்டினார்கள். நிலத்தின் குணம் பற்றி மட்டும் சர்ச்சையே கிடையாது. ஜோஷிமத் நிற்பது பாறையின் மேல் அல்ல, பழைய நிலச்சரிவு கொண்டுவந்து குவித்த கல்லும் மண்ணும் கலந்த மேட்டின் மேல். இதை 1976-லேயே அரசு அமைத்த மிஸ்ரா குழு எழுதிவைத்தது. கனமான கட்டுமானம் வேண்டாம், சரிவில் கிடக்கும் உருண்டைப் பாறைகளைப் பெயர்க்க வேண்டாம், கழிவுநீருக்கும் மழைநீருக்கும் முறையான வடிகால் வேண்டும் என்றது. அறிக்கை அலமாரிக்குப் போனது; ஹோட்டல்கள் மாடி மாடியாக எழுந்தன.

மலையில் ‘பசுமை விடுதி’ என்றதும் வரைபடத்தில் முதலில் வந்து உட்காருவது கூரையில் சூரிய மின்தகடு, முகப்பில் மரப்பலகை, சுவிட்சர்லாந்து நாள்காட்டியிலிருந்து இறக்கிய முக்கோணக் கூரை. இவையெல்லாம் பிறகு கேட்க வேண்டிய கேள்விகள். இந்தச் சரிவு எத்தனை கட்டில்களைத் தாங்கும் என்பதை முதலில் கேட்க வேண்டும். விருந்தாளி வெறுங்கையோடு வருவதில்லை. வெந்நீர்க் குளியல், துவைக்க வேண்டிய விரிப்புகள், கழிவறைத் தண்ணீர் எல்லாம் அவரோடு சேர்ந்தே வருகின்றன. கடுங்குளிரில் நுண்ணுயிர்கள் மந்தமாகிவிடுவதால் செப்டிக் டேங்க் அங்கே அரைகுறையாகத்தான் வேலை செய்யும். சுத்தமாகாத நீர் மண்ணுக்குள் இறங்கும். தளர்ந்த சரிவில் தண்ணீர் ஊறினால் என்ன ஆகும் என்று, வயநாட்டு நிலச்சரிவுக்குப் பிறகு, நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கட்டில்களின் எண் கைக்கு வந்த பிறகு கூரைக்கு வரலாம். நமக்குக் கூரை என்றால் மழை வழிந்தோட வேண்டும். கணக்கு அதோடு முடிந்தது. (‘பனி’ என்ற ஒரே சொல்லில் மார்கழிப் பனியையும் இமயத்துப் பனியையும் அடக்குகிறவர்கள் நாம்.) ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மீட்டர் உயரத்துக்குப் படிந்து இறுகிய பனியின் எடை 200 முதல் 300 கிலோ. செங்குத்தான தகரக் கூரையில் அது தங்காது. வெயில் ஏறியதும் மொத்தமாகச் சரிந்து விழும். அதன் கீழே வாசலை வைத்த கட்டிடக் கலைஞரை என்ன சொல்ல? சாய்வு குறைந்த கூரையில் பனி தங்கிக் கம்பளிபோல் வீட்டைப் போர்த்தும். ஆல்ப்ஸின் பழைய வீடுகள் பல அப்படித்தான். ஆனால் உள்ளே மூட்டும் அடுப்பின் சூடு கூரை வழியே கசிந்தால் பனியின் அடிப்பகுதி உருகி, தண்ணீர் இறவாரம்வரை ஓடி, அங்கே மறுபடி உறைந்து அணை கட்டும். பின்னால் தேங்கும் நீர் தகர இடுக்குகள் வழியே படுக்கையறைக்குள் சொட்டும். மேற்கூரையில் தடிமனான வெப்பக்காப்பு போடாமல் மின்தகடு மாட்டுவது, ஓட்டைக் குடத்துக்குப் பொட்டு வைப்பதுபோல.

இமாச்சலத்தில் காத்குனி என்றொரு சுவர் இருக்கிறது. தேவதாரு உத்தரங்களை இணையாகக் கிடத்தி, நடுவே கல்லை நிரப்பி, அதன்மேல் ஒரு வரிசை கல், மறுபடி மரம் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். மூலைகளில் உத்தரங்கள் விரல்கள் கோத்ததுபோல் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும். சிமென்ட்டும் இல்லை, சாந்தும் இல்லை. பூமி அதிர்ந்தால் கல்லும் மரமும் உரசி அசைந்து கொடுத்து, அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். 1905 காங்க்ரா நிலநடுக்கத்தைத் தாண்டி நிற்கும் நக்கர் கோட்டை இந்த முறையில் கட்டியதுதான். வீடுகளில் கீழ்த்தளம் மாடுகளுக்கு. அவற்றின் உடற்சூடு மேலே உறங்குபவர்களுக்கு. இதை அப்படியே நகலெடுக்கச் சொல்லவில்லை. ஐம்பது அறைகளுக்கு காத்குனி சுவர் எழுப்பினால் ஒரு தேவதாருக் காட்டையே கேட்கும். கிராமத்தில் பூட்டிக் கிடக்கும் பழைய வீடுகளைச் செப்பனிட்டு விருந்தினருக்குத் திறப்பது, அந்த ஐம்பது அறைகளைப் புதிதாகக் கட்டுவதைவிட நல்ல வடிவமைப்பு என்பேன். அதற்கு ரிப்பன் வெட்டும் விழா கிடையாது, அதுதான் சிக்கல்.

புதிய தொழில்நுட்பத்தின் மீது எனக்குப் பகையில்லை. சுவிட்சர்லாந்தில் செர்மாட்டுக்கு மேலே, 2,883 மீட்டர் உயரத்தில் 2009-இல் திறக்கப்பட்ட மான்டே ரோசா குடில் இந்தத் துறையின் செல்லப்பிள்ளை. சூரிக்கின் ஈடிஹெச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் முன்னின்று வடிவமைத்தது. உள்ளே மரச்சட்டம், வெளியே அலுமினியப் போர்வை, தெற்கு முகத்தில் சூரிய மின்தகடுகள். கோடையில் உருகும் நீரை மேலே தொட்டியில் சேர்த்து வருடம் முழுவதும் பயன்படுத்துகிறார்கள். சாலை இல்லாததால் கட்டுமானப் பொருட்கள் ஹெலிகாப்டரில்தான் ஏறின என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். குடிலின் அழகு ஊரெங்கும் பேசப்பட, எதிர்பார்த்ததைவிட அதிகக் கூட்டம் வந்தது. தண்ணீர், கழிவுநீர் ஏற்பாடுகள் திணறின. அவ்வளவு கெட்டிக்காரக் கட்டிடமும் கட்டில் கணக்கில்தான் இடறியது.

பனியே வராவிட்டால்? 2024 ஜனவரியில் காஷ்மீரின் குல்மர்க் சரிவுகள் புல் காய்ந்து பழுப்பாகக் கிடந்தன. 2025 பிப்ரவரியில் அங்கே நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் பனிப்பற்றாக்குறையால் மார்ச்சுக்குத் தள்ளிப்போயின. செயற்கைப் பனி இருக்கிறதே என்பார்கள். ஒரு ஹெக்டேரில் 30 செ.மீ. பனி போட ஏறத்தாழ 10 லட்சம் லிட்டர் தண்ணீர் வேண்டும். காற்றும் போதுமான அளவு குளிர்ந்திருக்க வேண்டும். ஔலியில் இதற்கென்றே ஒரு ஏரி வெட்டி வைத்திருக்கிறார்கள். தளர்ந்த மேட்டில் உட்கார்ந்திருக்கும் ஊருக்கு மேலே ஓர் ஏரி. பனி இப்படி நிச்சயமில்லாதபோது, சறுக்குப் பருவத்தை மட்டும் நம்பிய விடுதி கடனைக் கட்டுவதற்காகவே அறைகளைக் கூட்டும். கோடையில் மலையேறுபவர்களுக்கும், பறவை பார்க்க வருபவர்களுக்கும், உள்ளூர்ப் பள்ளியின் பயிற்சி முகாமுக்கும் கதவு திறக்கும் சிறிய விடுதிக்கு அந்த நெருக்கடி குறைவு.

ஔலிக்கு மேலே புக்யால் எனப்படும் மலைப்புல்வெளிகள் இருக்கின்றன. அவற்றில் இரவு தங்கக் கூடாது, 200 பேருக்கு மேல் போகக் கூடாது என்று உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் 2018-இல் உத்தரவிட்டது. புல்லுக்கு ஓர் எண் கிடைத்துவிட்டது. கீழே, கட்டில்களுக்கான எண்ணை எந்த வரைபடத்திலும் இன்னும் யாரும் எழுதக் காணோம்.