நட்ட கன்று பிழைத்ததா?

பல்கலைக்கழக மன்றங்களும் பள்ளி இயக்கங்களும் கடலோரம் சென்று பாக்காவ் கன்றுகளை நடுவது நம் நாட்டில் வழக்கமாகிவிட்டது. சேற்றில் இறங்கியவர்களுக்குப் புறப்பாடப் புள்ளியும் சான்றிதழும் கிடைக்கின்றன. எத்தனை கன்றுகள் நடப்பட்டன என்பது அறிக்கையில் இருக்கும். அவற்றில் எத்தனை பிழைத்தன என்று சொல்லும் அறிக்கையை நான் இதுவரை பார்த்ததில்லை.

இந்த விஷயத்தில் பேராக்கின் மாத்தாங் சதுப்புநிலக் காட்டிடம் நாம் கற்க வேண்டியது நிறைய உண்டு. தைப்பிங்கிற்கு அருகே சுமார் 40,000 ஹெக்டரில் பரந்திருக்கும் இக்காடு, நூறாண்டுகளுக்கும் மேலாகத் திட்டமிட்டுப் பராமரிக்கப்படுகிறது. கோலா செப்பெத்தாங் கரிச் சூளைகளுக்கு மரம் இங்கிருந்துதான் போகிறது. ஆனாலும் காடு காடாகவே இருக்கிறது. ஒருமுறை வெட்டிய இடத்தில் மீண்டும் வெட்ட 30 ஆண்டுகள் காத்திருக்கிறார்கள்.

வெட்டியவுடன் கண்ணை மூடிக்கொண்டு நடுவதில்லை. இயற்கையாக முளைத்தவை போதுமா என்று முதலில் பார்க்கிறார்கள். போதாத இடங்களில் மட்டும், தாய்மரத்திலேயே முளைவிட்டுத் தொங்கும் நீண்ட முளைகளைச் சேகரித்து ஊன்றுகிறார்கள். பாக்காவ் மின்யாக் வகைக்கு 1.2 மீட்டர் இடைவெளி. பாக்காவ் குராப் வகைக்கு 1.8 மீட்டர். நண்டும் குரங்கும் முளைகளை அழிக்கும் இடங்களில், நாற்றங்காலில் பைகளில் வளர்த்த கன்றுகளை நடுகிறார்கள். பிறகு 15ஆம் ஆண்டிலும் 20ஆம் ஆண்டிலும் நெருக்கமாக நிற்கும் மரங்களைக் குறைக்கிறார்கள்.

நடுவது ஒரு நாள் வேலை; பார்த்துக்கொள்வது பல ஆண்டு வேலை. இடத்தேர்வும் முக்கியம். அலை நேரடியாக மோதும் திறந்த சேற்றில் பாக்காவ் நிலைப்பது கடினம். அங்கே முதலில் வேர்விடுவது அப்பி-அப்பி போன்ற மரங்கள்தாம். பேருந்து நிறுத்த வசதியான இடம் என்பதற்காகக் கன்று அங்கே பிழைத்துவிடாது.

“மூன்று நான்கு ஆண்டுகளில் பட்டம் பெற்றுப் போய்விடுவோமே, யார் பார்ப்பது?” என்று கேட்கலாம். மாத்தாங்கில் இன்று நடுபவர் பலர், 30 ஆண்டுகள் கழித்து அந்த மரம் வெட்டப்படும்போது பணியில் இருக்கமாட்டார்கள். அங்கே ஆட்கள் மாறினாலும் வேலைத்திட்டம் கைமாறித் தொடர்கிறது.

நம் மன்றங்களாலும் அது முடியும். நட்ட இடம், இனம், நாள் ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் எழுதுவோம். ஆறு மாதத்திலும் ஓராண்டிலும் திரும்பிச் சென்று எண்ணுவோம். காலியான இடத்தை நிரப்பிவிட்டு, பதிவேட்டை அடுத்த செயலவையிடம் ஒப்படைப்போம். பள்ளிகளும் பல்கலைக்கழகங்களும் புள்ளியில் ஒரு பகுதியை அந்த இரண்டாவது பயணத்துக்கு ஒதுக்கினால், கடலோரத்தில் கன்றுகள் மரமாகும்.